ஷட்டர் ஏறவில்லையா? மோட்டாரைக் கடைசியாகப் பாருங்கள்

(தோட்டத்து வாலிபர்களும் வேன் சாரதிகளும் கூடிய ஞாயிறு ஒன்றுகூடலில் நாங்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாங்கள் பேச வந்தது வேனின் ஷட்டரைப் பற்றி. சுவிட்சை அமர்த்தினால் ஏறி இறங்குகிற கதவுக் கண்ணாடி இருக்கிறதே, அதுதான். நம்ம பக்கத்தில் அதற்குப் பேர் பவர் ஷட்டர். "நம்ம வீட்டில வேன் இல்லையே, நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு?" என்று சில அக்காமார் யோசிப்பது முகத்தில் தெரிகிறது. வேன் நம்முடையதாக இல்லாவிட்டாலும் அதில் போகிறவர்கள் நாம்தானே. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போவது அதில். ராத்திரியில் பிரசவ வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில். கல்யாணம், கருமாதி, கதிர்காமம் எல்லாம் அதில்தான்.

அந்த வேன்கள் பெரும்பாலும் பழசு. நாம் டொல்பின் என்று கூப்பிடுகிற டொயோட்டா ஹையேஸ் வேனின் அந்த உருவம் ஜப்பானில் 1989 ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று நம் ரோட்டில் ஓடுகிற பல வேன்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிமாரை விட வயதில் மூத்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இந்த இடைக்காலத்தில் எல்லோரும் பழைய வேனையே பார்த்துப் பார்த்து ஓட்டினோம். இனியும் அப்படித்தான் ஓட்டப் போகிறோம். ஆகவே பழசைப் பழுதுபார்க்கத் தெரிந்திருப்பது நமக்கு அவசியமாகிறது.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பழைய வேனின் இடது பக்க ஷட்டர் ஒரு மழைக்காலத்தில் கீழே இறங்கியது, இறங்கியதுதான், மேலே வரவில்லை. அன்று காய்ச்சல்காரப் பிள்ளையொன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தாய் தன் சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடிக்கொண்டு, கொழுந்துக்குக் கட்டும் படங்கை ஜன்னலில் பிடித்தபடியே வந்தாள். போய்ச் சேரும்போது இரண்டு பேரும் நனைந்து போயிருந்தார்கள். பிள்ளை தேறிவிட்டது. ஆனால் அந்தத் தாய் இறங்கும்போது எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் ஒரு கராஜில் காட்டினோம். பாஸ் சுவிட்சை இரண்டு தரம் அமர்த்திப் பார்த்தார். "மோட்டார் போயிடிச்சு" என்றார். காசு சேர்த்து, பழைய சாமான் கடையில் மோட்டார் வாங்கிப் போட்டோம். ஷட்டர் அசையவே இல்லை. "அப்ப சுவிட்சும் போயிடிச்சு" என்றார். அதையும் வாங்கினோம். அப்போதும் அசையவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற லொறி டிரைவர் ஒருவர் வந்து, கதவுக்கும் பொடிக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு வயர் அறுந்து கிடந்தது. ஒரு சாண் வயரில் வேலை முடிந்தது. கழற்றிப் போட்ட எங்கள் பழைய மோட்டாரை பெட்டரியில் தொட்டுப் பார்த்தோம். அது நன்றாகச் சுற்றியது.

அந்த பாஸ் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். அவர் அவசரப்பட்டார், எங்களுக்கு விஷயம் தெரியவில்லை. இந்த இரண்டும் ஒன்று சேர்ந்தால் காசு போவது நம்ம கையிலிருந்துதான். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டோம். சும்மா பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பது, காசு கொடுத்து வாங்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்பது. அவ்வளவுதான். ஃபெக்டரியில் ரோலர் நின்றுவிட்டால், பெல்ட்டையும் பியூஸையும் பார்க்காமல் யாராவது மோட்டாரைக் கழற்றுவார்களா?

ஷட்டர் எப்படி வேலை செய்கிறது?

பெட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸுக்கு வருகிறது. அங்கிருந்து பெரும்பாலான வேன்களில் ரிலே என்ற சின்னப் பெட்டி வழியாக, டிரைவர் கதவிலுள்ள பெரிய சுவிட்சுக்குப் போகிறது. இடது பக்கக் கதவுக்குப் போகிற மின்சாரமும் பல வேன்களில் இந்தப் பெரிய சுவிட்சைத் தொட்டுத்தான் போகிறது. அதனால் இடது பக்க ஷட்டர் நின்றுபோனாலும் குற்றம் வலது பக்கச் சுவிட்சில் இருக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கு இரண்டு வயர். ஒரு வயரில் பிளஸும் மற்றதில் மைனஸும் வந்தால் கண்ணாடி ஏறும். இரண்டும் மாறி வந்தால் இறங்கும். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் சுவிட்சின் வேலை. மோட்டார் சுற்றும்போது ஒரு பற்சக்கரம் சுழன்று, இரும்புக் கையையோ கேபிளையோ இழுத்துக் கண்ணாடியைத் தூக்குகிறது. அந்தத் தூக்குகிற அமைப்பைக் கடைக்காரர்கள் ரெகுலேட்டர் என்பார்கள். கண்ணாடியின் இரண்டு ஓரமும் பீடிங் ரப்பருக்குள் வழுக்கிப் போகும்.

ஆக, குற்றம் இரண்டு வகை. ஒன்று, மின்சாரம் வரவில்லை. மற்றது, மின்சாரம் வந்தும் கண்ணாடி நகரவில்லை. இது எந்த வகை என்று தெரியாமல் எந்தச் சாமானையும் வாங்கக் கூடாது.

கதவைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, டிரைவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் மற்றக் கண்ணாடிகளைப் பூட்டுகிற பொத்தான் ஒன்று இருக்கும். அது அமர்ந்திருந்தால் இடது பக்கச் சுவிட்ச் வேலை செய்யாது. சிரிக்காதீர்கள், இந்தப் பொத்தானைப் பார்க்காமலே கராஜுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு ஷட்டர் மட்டுமா, எல்லாமா? எல்லாம் ஒன்றாக நின்றால் பியூஸ், ரிலே, பெரிய சுவிட்சின் மைனஸ் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் நின்றால் பெரும்பாலும் குற்றம் அந்தக் கதவிலோ அதன் சுவிட்சிலோதான். பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். சிகரட் பெட்டித் தகட்டையோ வயர் துண்டையோ செருகினால் அடுத்த தடவை எரிவது பியூஸ் அல்ல, வயர். வேனே தீப்பிடிக்கலாம். புதுப் பியூஸும் உடனே எரிந்தால் எங்கேயோ வயர் பொடியில் தொடுகிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடிக்காமல் ஓட்டாதீர்கள்.

மூன்றாவது, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாவியைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு, சுவிட்சை அமர்த்துங்கள். மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் மின்சாரம் சரி. ரெகுலேட்டரில் கேபிளோ பல்லோ போய்விட்டது. சத்தமே இல்லாவிட்டால் நாலாவதுக்குப் போங்கள்.

நாலாவது, இருட்டிய நேரத்தில் வேனின் உள் லைட்டைப் போட்டுக்கொண்டு சுவிட்சை அமர்த்துங்கள். லைட் கொஞ்சம் மங்கினால் மின்சாரம் மோட்டார் வரைக்கும் போகிறது, மோட்டாரோ கண்ணாடியோ இறுகிப்போய் நிற்கிறது. லைட் அசையாமல் எரிந்தால் பெரும்பாலும் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து சதம் செலவில்லை.

ஐந்தாவது, ஒருவர் சுவிட்சை அமர்த்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் கதவின் உள்பக்கத் தட்டில், மோட்டார் இருக்கும் இடத்தில் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். அப்போது கண்ணாடி அசைந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் தேய்ந்துவிட்டது. கொஞ்ச நாள் ஓடும், பிறகு நிற்கும். கையில் காசு சேர்க்க அவகாசம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, எங்கள் வயிற்றில் அடித்த இடம். கதவைத் திறந்து, பிணைச்சல் பக்கத்தில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை தரம் அந்தக் கதவு திறந்து மூடுகிறது? அத்தனை தரமும் உள்ளே வயர் மடிகிறது. இருபது முப்பது வருஷத்தில் அது அறுவது அதிசயமல்ல. சுவிட்சை அமர்த்திக்கொண்டு கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதாவதொரு நிலையில் கண்ணாடி துள்ளினால் குற்றம் அங்கேதான்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் ஒரு மாதத்தில் மறுபடி அறும். பல நூல் கொண்ட மெல்லிய வயர்த் துண்டொன்றை எடுத்து, மடிகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் தள்ளி, மடியாத இடத்தில் இணைத்து ஈயம் பற்றவையுங்கள். வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

பழைய பல்ப் ஒன்று போதும்

மீட்டர் இல்லாவிட்டால் கவலையில்லை. சிக்னல் லைட்டில் போடுகிற 12 வோல்ட், 21 வொட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன 5 வொட் பல்ப் வேண்டாம். வயரில் ஒரே ஒரு நூல் மிச்சமிருந்தாலும் சின்ன பல்ப் எரிந்துவிடும், நாமும் ஏமாந்துபோவோம். பெரிய பல்ப் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, வயர் வருகிற பக்கத்து இரண்டு முனைகளிலும் பல்பைத் தொடுத்து, சுவிட்சை மேலும் கீழும் அமர்த்துங்கள். இரண்டு தடவையும் நன்றாக எரிந்தால் சுவிட்சும் வயரும் சரி. அப்போதுதான், அப்போது மட்டும்தான், மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் எரிந்தால் பெரும்பாலும் சுவிட்சில் குற்றம். இரண்டுக்கும் எரியாவிட்டால் பின்னோக்கித் தேடிக்கொண்டே போங்கள்.

சுவிட்சில் குற்றமென்றால் அதையும் உடனே எறிய வேண்டாம். உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் கருத்துப்போயிருக்கும். பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, சுவிட்சை எடுத்து, ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துத் திறவுங்கள். அதற்குள் கடுகு மாதிரி ஸ்பிரிங் இருக்கும். துள்ளி ஓடினால் லயத்து வாசல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மெல்லிய மண்காகிதத்தால் இலேசாகத் தேய்த்து, துணியால் துடைத்து மூடுங்கள். பல சுவிட்சுகள் இதிலேயே உயிர் பெற்றிருக்கின்றன.

கதவைத் திறக்கும்போது கவனம்

இனிமேல் சொல்வதை இரண்டு தரம் கேளுங்கள். இதில் விரல் போகிற ஆபத்து உண்டு.

கண்ணாடி மேலே இருந்தால் அல்லது மேலே தூக்க முடிந்தால், முதலில் அகலமான டேப்பால் கண்ணாடியைக் கதவின் மேல் சட்டத்தோடு சேர்த்து ஒட்டி, மர ஆப்பும் செருகுங்கள். ரெகுலேட்டரைத் தளர்த்தியதும் கண்ணாடி கத்தி மாதிரிக் கீழே விழும். பிறகு பெட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். சோதித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் மறுபடி மாட்டலாம். கை உள்ளே இருக்கும்போது யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. உதவிக்கு நிற்கிற சின்னத் தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கைப்பிடி, கைத்தாங்கி ஆகியவற்றின் ஸ்குரூக்களைக் கழற்றி, துணி சுற்றிய ஸ்குரூ டிரைவரால் ஓரத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, தட்டை மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். உள்ளே ஒரு பொலித்தீன் விரிப்பு ஒட்டியிருக்கும். "இது எதுக்கு?" என்று கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். கதவுக்குள் வழிகிற மழைத் தண்ணீர் வேனுக்குள் வராமல் காப்பது அதுதான். பத்திரமாகக் கழற்றி, திரும்பவும் ஒட்டிவிடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அது அடைபட்டால் கதவுக்குள் குளம் கட்டி, மோட்டாரும் கதவும் துருப்பிடிக்கும்.

இரும்புக் கை வைத்த ரெகுலேட்டர் சிலவற்றில் பலமான சுருள் ஸ்பிரிங் உண்டு. பற்சக்கரத் தகட்டை போல்ட் போட்டோ கிளாம்ப் போட்டோ அசையாமல் பிடித்து வைக்காமல் மோட்டாரைக் கழற்றினால், அந்தக் கை ஒரே வீச்சில் பாயும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தெரிந்த பாஸைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கண்ணாடி மெதுவாக, முனகி முனகி ஏறினால் மோட்டாரைக் குறை சொல்லாமல் பீடிங் ரப்பரைப் பாருங்கள். நம்ம மலை ரோட்டுத் தூசியும் மழையும் சேர்ந்து அதற்குள் சேறாய் இறுகியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, சிலிக்கன் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். எஞ்சின் ஒயில், கிரீஸ் எதுவும் ரப்பரில் பூசக் கூடாது. ரப்பர் ஊதிப்போகும், தூசியும் ஒட்டும். கிரீஸ் பூச வேண்டியது ரெகுலேட்டரின் பல்லுக்கும் தடத்துக்கும். வருஷத்துக்கு ஒரு தரம், மழைக்கு முன் இதைச் செய்தால் போதும். அட்டன், மஸ்கெலியா பக்கத்தார் மே மாதத்துக்கு முன்பும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தார் ஐப்பசி மழைக்கு முன்பும் செய்துவிடுங்கள்.

வழியில் நின்றுபோனால்? ஒருவர் சுவிட்சை மேலே அமர்த்த, இன்னொருவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை உள்ளும் புறமும் பிடித்து மேலே தள்ளுங்கள். பல தடவை ஏறிவிடும். விடாமல் அமர்த்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதைத் தானாக நிறுத்திவிடும். சில நிமிஷம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். ஏறிவிட்டால் அதற்குப் பிறகு இறக்காதீர்கள், வீடு போய்ச் சேருங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை

அம்மாமார் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். புதிய வாகனங்கள் பலவற்றில், ஏறும் கண்ணாடியில் ஏதாவது மாட்டினால் அது தானாக இறங்கும். நம் பழைய வேன்களில் அந்த வசதி கிடையாது. பிள்ளையின் கழுத்தானாலும் சரி, கையானாலும் சரி, அது தள்ளிக்கொண்டேதான் போகும். பழைய சுவிட்சுகள் சிலவற்றில் பிள்ளை முழங்காலை ஊன்றினாலே கண்ணாடி ஏறும். ஆகவே பிள்ளைகளை வேனில் வைத்துவிட்டுச் சாவியை விட்டுப் போகாதீர்கள். ஸ்கூல் வேன் அண்ணன்மார் அந்தப் பூட்டுப் பொத்தானை அமர்த்தியே வையுங்கள். பழுதுபார்த்து முடிந்ததும் கண்ணாடி நன்றாக ஏறுகிறதா என்று மட்டும் பார்க்காமல், பொத்தான் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவாக

சாமான் வாங்கியே ஆக வேண்டுமென்றால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இடது பக்க மோட்டாரும் வலது பக்க மோட்டாரும் பெரும்பாலும் ஒன்றல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, பக்கத்து டவுனில் வாங்கினாலும் சரி, கடையிலேயே பெட்டரியில் தொட்டுச் சுற்றவைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். கராஜில் வேலை கொடுத்தால் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். "பாஸ், மோட்டாருக்குக் கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா?" "ரப்பர் குழாய்க்குள்ள வயர் பார்த்தீங்களா?" "கழட்டின பழைய சாமானைத் தருவீங்களா?" நல்ல பாஸ் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகக் காட்டுவார்.

தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. இன்று கேட்ட இந்தச் சின்ன வேலை ஓட்டோ எலெக்ட்ரீஷியன் தொழிலின் முதல் படி. ஒழுங்காகப் பயின்று என்.வி.கியூ. சான்றிதழ் பெற்றால் அது கையில் ஒரு தொழில். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கொழுந்தில் அரும்பையும் முற்றிய இலையையும் பிரித்தெடுக்கிற விரலுக்கு, நல்ல வயரையும் கெட்ட வயரையும் பிரிப்பது பெரிய காரியமா?

அந்த மழை நாளில் நனைந்து வந்த தாயைப் பிற்பாடு ஒரு நாள் சந்தித்தோம். வேன் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். சரியாகிவிட்டது, ஒரு வயர்தான் அறுந்திருந்தது என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத முதல்லயே பார்த்திருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் இன்று இவ்வளவு நேரம் சொன்னதும் அதே வார்த்தைதான்.

பேச்சு முடிந்தது. வெளியே எங்கள் வேன் நிற்கிறது. மழை விட்டிருக்கிறது. விருப்பமானவர்கள் வாருங்கள், அந்த ரப்பர் குழாயையும் பல்பையும் காட்டுகிறோம். கையால் தொட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.